ஆர்மீனியா போய்வந்தோம்: கல்லும் ரொட்டியும் மலையும் – கேட்க நினைப்பவர்கள் கேளுங்கள்

கல்தேடி (காரிமங்கலம்)

வணக்கம். போன செப்டம்பரில் நானும் என் மனைவியும் பதினோரு நாள் ஆர்மீனியாவில் இருந்தோம். ஊரில் சொன்னபோது பாதிப் பேர் "ருமேனியாவா?" என்று கேட்டார்கள். மீதிப் பேர் "அங்கே போய் என்னத்தைப் பார்ப்பது?" என்றார்கள். இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்த இழை.

கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் இடையில் காக்கசஸ் பகுதியில், கடலே தொடாத சின்ன நாடு. பரப்பு 30,000 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மக்கள் ஏறத்தாழ முப்பது லட்சம். நம் தருமபுரியையும் கிருஷ்ணகிரியையும் சேர்த்தால் 2011 கணக்கெடுப்பிலேயே அதைவிடக் கூடுதலாக வரும். ஆனால் நாட்டின் சராசரி உயரமே சுமார் 1,800 மீட்டர். நாட்டில் பாதிக்கு மேல் ஏற்காட்டை விட உயரத்தில்தான் இருக்கிறது.

எனக்கு அங்கே போகும் ஆசை வந்ததற்குக் காரணம் எங்கள் நிலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வேடியப்பன் கல். வில்லோடு நிற்கிற ஆள், தலைக்கு மேல் தேய்ந்துபோன நாலு வரி எழுத்து. சின்ன வயதில் அது சாமி என்று மட்டும்தான் தெரியும். கல்லூரிக்குப் போன பிறகுதான் அது நடுகல் என்றும், மாட்டை மீட்கப் போய்ச் செத்தவனுக்கு ஊர் எடுத்தது என்றும் தெரிந்தது. அதற்கப்புறம் எந்த ஊர்க் கல்லைப் பார்த்தாலும் நின்றுவிடுவேன். ஆர்மீனியாவில் ஆயிரம் வருடத்துக்கும் மேலாகக் கல் நட்டுக்கொண்டே இருக்கிறார்கள், இன்றைக்கும் நடுகிறார்கள் என்று படித்ததும் அதை நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று தோன்றிவிட்டது.

அந்தக் கல்லுக்குக் கச்கார் என்று பெயர். கச் என்றால் சிலுவை, கார் என்றால் கல். (உடனே தமிழ்க் 'கல்'லோடு உறவு தேட வேண்டாம், அந்த மொழியின் குடும்பமே வேறு.) ஆள் உயரக் கல்லின் நடுவில் சிலுவை, அதன் அடியில் சூரியன் மாதிரி ஒரு வட்டம், சுற்றிலும் கொடியும் திராட்சையும் மாதுளையும், பின்னிப் பின்னிப் போகிற முடிச்சும். ஒரு கல் மாதிரி இன்னொரு கல் கிடையாது. 2010இல் யுனெஸ்கோ இந்தக் கலையைத் தன் பட்டியலில் சேர்த்தது.

செவான் ஏரிக்கரையில் நொராட்டுஸ் என்று ஒரு கிராமம் இருக்கிறது. அங்குள்ள இடுகாட்டில் ஏறத்தாழ 800 கச்கார்கள் நிற்கின்றன. நாங்கள் போனபோது சாயங்காலம் நாலு மணி. ஏரிக் காற்று ஜில்லென்று அடிக்கிறது. ஆட்டுமந்தை ஒன்று கல்லுக்கு நடுவே மேய்கிறது. காவலும் இல்லை, கம்பி வேலியும் இல்லை. மஞ்சளும் பச்சையுமாய்ப் பாசி படிந்த கற்கள் எல்லாம் ஒரே பக்கம், மேற்கே பார்த்து நிற்கின்றன. சில கல்லில் கல்யாண விருந்து, ஏர் உழுகிறவன், குதிரைக்காரன். எங்களுக்கு வழி காட்டிய பாட்டி கம்பளிச் சாக்ஸ் பின்னிக்கொண்டே ஒரு கதை சொன்னார், கூட வந்த ஓட்டுநர் மொழிபெயர்த்தார். முன்னொரு காலத்தில் எதிரிப் படை வந்தபோது ஊரில் ஆள் பற்றவில்லையாம். இரவோடு இரவாகக் கல்லுக்கெல்லாம் தலைக்கவசம் மாட்டி, பக்கத்தில் வாளைச் சாய்த்து வைத்தார்களாம். தூரத்திலிருந்து பார்த்த படை, இவ்வளவு பேர் வரிசையில் நிற்கிறார்களே என்று திரும்பிப் போய்விட்டதாம்.

நடந்ததோ இல்லையோ, செத்தவர்கள் எழுந்து ஊரைக் காத்த கதை அது. கேட்டதும் எனக்கு எங்கள் வேடியப்பன்தான் நினைவுக்கு வந்தார். அங்கேயே ஒரு கல்லருகே ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி பாட்டியிடம் இரண்டு ஜோடி சாக்ஸ் வாங்கினார்.

மற்றதை எல்லாம் அடுத்தடுத்து எழுதுகிறேன்.

பாலக்கோட்டு வாசகி

சார், படிக்கவே நன்றாக இருக்கிறது. விசா, விமானம், செலவு பற்றியும் கொஞ்சம் சொல்லுங்கள். சாப்பாடு எப்படி? எங்கள் வீட்டில் நான் சைவம், அவர் எல்லாம் சாப்பிடுவார்.

கல்தேடி

விசா இணையத்திலேயே கிடைக்கிறது, அரசுத் தளத்தில் நேராக விண்ணப்பித்தோம். 21 நாள் விசாவுக்கு 3,000 திராம் கட்டினோம். ஒரு ரூபாய்க்கு நாலு திராமுக்கு மேல் வரும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். விதிமுறை மாறக்கூடியது, கிளம்பும் முன் அதே தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பெங்களூரிலிருந்து வளைகுடாவில் ஒரு இடத்தில் மாறித் தலைநகர் யெரெவான். எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஒன்றே கால் லட்சம் ஆனது. முதலில் ஒரு சுற்றுலா அலுவலகத்தில் கேட்டோம். ஆறு நாளில் ஜார்ஜியாவையும் சேர்த்துக் காட்டுகிறோம், சைவச் சாப்பாட்டுக்குத் தனிக் கட்டணம் என்றார்கள். நல்லவேளை, ஒத்துக்கொள்ளவில்லை.

சாப்பாட்டுக்கு வருகிறேன். என் மனைவியும் சைவம்தான். அங்கே கறிதான் பிரதானம், மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு நோன்பு நாட்கள் நிறைய. நோன்புச் சாப்பாட்டைப் 'பாஸ்' என்கிறார்கள். அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டால் போதும். தொல்மா என்று திராட்சை இலையில் கொத்துக்கறி வைத்துச் சுருட்டி வேகவைக்கும் பண்டம் உண்டு. அதிலேயே நோன்புத் தொல்மா என்று முட்டைக்கோஸ் இலையில் பயறும் கொண்டைக்கடலையும் உடைத்த கோதுமையும் வைத்துச் சுருட்டுவார்கள். புளிப்பாக, குளிர்ந்தே சாப்பிடுவது. மனைவிக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

அப்புறம் ஸ்பாஸ். தயிரில் கோதுமையைக் காய்ச்சிப் புதினாவோ கொத்தமல்லியோ தூவிச் சூடாகக் கொடுப்பார்கள். முதல் வாய் வைத்ததும் மனைவி "கம்பங்கூழைச் சுடவைத்துக் கொடுத்த மாதிரி இருக்கிறது" என்றார். மலையேறிக் களைத்து வரும்போது அதைவிட நல்லது ஒன்றுமில்லை. தயிருக்கு 'மத்சூன்' என்றும் உப்புப் போட்ட மோருக்கு 'தான்' என்றும் பெயர். ஜெங்யாலோவ் ஹாட்ஸ் என்று ஒரு ரொட்டி உண்டு. பத்துப் பதினைந்து வகைக் கீரையை நறுக்கி மாவுக்குள் வைத்துத் தட்டிக் கல்லில் சுடுவார்கள். மலையில் தானாய் முளைக்கிற கீரைதான் முக்கியம். நம் பக்கம் களிக்குக் கலவைக் கீரை பறித்துக் கடைகிறோமே, அதே கை, அதே கண். அந்த ரொட்டி கராபாக் மலைக்காரர்களுடையது. 2023இல் அங்கிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு வந்துவிட்டார்கள். யெரெவான் சந்தையில் எங்களுக்குச் சுட்டுக் கொடுத்த அம்மாவும் அப்படி வந்தவர்தான். நாங்கள் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். சொல்லும்போதும் கை நிற்கவில்லை.

லவாஷ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தரையில் தோண்டிய மண் அடுப்பு, தோனிர் என்று பெயர். பெண்கள் சுற்றி உட்கார்ந்துகொள்கிறார்கள். ஒருவர் உருண்டை பிடிக்க, ஒருவர் தேய்க்க, இன்னொருவர் காற்றில் வீசி வீசித் துணி மாதிரி மெல்லியதாக்கித் தலையணை போன்ற ஒன்றில் விரித்து அடுப்பின் உள்சுவரில் அறைகிறார். அரை நிமிடத்தில் வெந்துவிடுகிறது. காயவைத்து அடுக்கினால் மாதக் கணக்கில் இருக்குமாம். தண்ணீர் தெளித்தால் மறுபடி மெதுவாகிவிடும். கல்யாணத்தில் பொண்ணு மாப்பிள்ளை தோளில் லவாஷைப் போர்த்துவார்கள், வீடு நிறைய வேண்டும் என்பதற்காக. கார்னி ஊரில் ஒரு வீட்டில் என் மனைவியையும் உட்காரவைத்து ஒன்று அறையச் சொன்னார்கள். அது மடங்கித் தீயில் விழுந்தது. எல்லோரும் சேர்ந்து சிரித்து இன்னொன்று கொடுத்தார்கள், அது ஒட்டிக்கொண்டது.

பர்கூர் பட்டறை

அண்ணா, நான் கல் வேலை. அப்பா உளி பிடித்தவர், நான் பாலிஷ் பட்டறை வைத்திருக்கிறேன். நீங்கள் போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவ்வளவு நுணுக்கமாய் இழை இழையாய் ஓட்டை போட்டு எடுத்திருக்கிறார்களே, அது என்ன கல்? நம் ஜெகதேவிப் பக்கத்துக் கல்லில் அப்படிச் செய்ய வாய்ப்பே இல்லை, பிய்ந்துவிடும்.

கல்தேடி

தம்பி, இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். அது பெரும்பாலும் டஃப் என்கிற எரிமலைக் கல். எரிமலைச் சாம்பல் இறுகி உண்டானது. வெட்டி எடுத்த புதிதில் மெதுவாக இருக்கும், காற்றுப் பட்டுப் பட்டு இறுகும் என்று அங்கே ஒரு கல்தச்சர் சொன்னார். இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, கறுப்பு என்று நிறம் நிறமாய்க் கிடைக்கிறது. யெரெவான் நகரமே இளஞ்சிவப்பு டஃப்பில் கட்டியதுதான், சாயங்கால வெயிலில் பார்க்க வேண்டும். எரிமலைப் பாறையான பசால்ட்டிலும் கச்கார் உண்டு, அது கடினம். கோஷவாங்க் மடத்தில் 1291இல் பொகோஸ் என்ற சிற்பி செய்த கல் ஒன்று நிற்கிறது. ஊசியால் பின்னிய சரிகை மாதிரி இருக்கிறது. உன் அப்பாவிடம் அந்தப் படத்தைக் காட்டு, நானே அனுப்புகிறேன்.

யெரெவானில் தெருவோரப் பட்டறையில் ஒருவர் உளியால் கொத்திக்கொண்டிருந்தார். கையில் சின்னச் சுத்தி, முகமெல்லாம் தூசி. எங்கள் ஊரும் கல் ஊர்தான் என்று சைகையில் சொன்னேன். என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார், காய்ப்பு இல்லை என்று தெரிந்திருக்கும். உளியை என் கையில் கொடுத்து ஓரமாய் நாலு கொத்துக் கொத்தவிட்டார்.

தகடூரான்

எழுத்து நன்றாக இருக்கிறது, ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நடுகல்லும் கச்காரும் ஒன்று என்கிற மாதிரி எழுதுகிறீர்கள், அது சரியில்லை. நம் நடுகல் ஒரு தனி மனிதனின் சாவுக்கு எடுத்தது. இன்னார் மகன் இன்னான், இந்த அரசனின் இத்தனையாவது ஆண்டில் தொறு (மாட்டு மந்தை) மீட்டுப் பட்டான் என்று வட்டெழுத்தில் எழுதியிருக்கும். வீரனின் உருவம் இருக்கும். தருமபுரி அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கின்றன, யாரும் போய்ப் பார்க்கலாம். அதியமான் அஞ்சி இறந்தபோது அவன் நடுகல்லுக்குப் படைத்த கள்ளைப் பற்றி ஔவையார் அழுது பாடியிருக்கிறார். அது வேறு மரபு. கச்கார் கிறித்தவ வழிபாட்டுக் கல். ஒப்பிடும் ஆசையில் இரண்டையும் குழப்பிவிடக் கூடாது.

கல்தேடி

நீங்கள் சொல்வது சரி, ஒத்துக்கொள்கிறேன். இன்னும் ஒன்று சேர்த்துக்கொள்ளலாம்: கச்கார் இடுகாட்டுக்கு மட்டும் உரியதல்ல. போரில் வென்றால் நடுவார்கள், தேவாலயம் கட்டி முடித்தால் நடுவார்கள், பாலம் கட்டினால் நடுவார்கள், ஒருவர் ஆத்துமா நற்கதி அடையவும் நடுவார்கள். தேதி தெரிந்த பழைய கச்கார்களில் ஒன்று கார்னியில் 879இல் கத்ரானிதே அரசி எடுத்தது. அப்போது நம் பக்கம் பல்லவர் காலத்து முடிவு. இங்கே ஆள் உருவம், அங்கே சிலுவை. இங்கே கள்ளும் கிடாயும், அங்கே மெழுகுவர்த்தி.

நான் ஒன்று என்று சொல்ல வந்தது மரபை அல்ல. கல்லின் முன்னால் மனிதர்கள் நிற்கிற விதத்தை. நொராட்டுஸில் ஒரு பெரியவர் கல்லைத் தொட்டு அந்தக் கையை உதட்டில் வைத்துக்கொண்டார். எங்கள் ஊரில் அம்மா வேடியப்பனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அவ்வளவுதான், அதற்கு மேல் நான் போகவில்லை.

ஓசூர் மழை

எனக்கு வேறொரு ஒப்பீடு தோன்றுகிறது. சிசியான் ஊருக்குப் பக்கத்தில் ஜோராட்ஸ் காரெர் என்ற இடம் பார்த்தீர்களா? நிறுத்தி வைத்த கற்களில் வட்டமாய் ஓட்டை போட்டிருக்குமே. நம் மல்லசந்திரத்துக் கல்திட்டைகளிலும் முன் பலகையில் வட்ட இடுதுளை இருக்கிறது. ஊரார் அதைப் பாண்டவர் வீடு என்பார்கள். நான் ஓசூரில் வேலைக்கு வந்த புதிதில் அந்தப் பாறை மேல் ஏறிப் பார்த்து அசந்துபோனேன்.

கல்தேடி

பார்த்தோம், விடிகாலையில் போனோம். இருநூறுக்கும் மேற்பட்ட கற்கள், எண்பது வரை துளை உள்ளவை. வானத்தைப் பார்க்கச் செய்த துளை என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். அகழாய்வு செய்தவர்கள் பலர் அது இடுகாடுதான் என்கிறார்கள், நடுவில் கல்லறை அறையும் இருக்கிறது. மல்லசந்திரத்தில் துளை கல்லறைப் பலகையின் நடுவில். ஜோராட்ஸ் காரெரில் நிற்கிற கல்லின் மேல்முனைப் பக்கம். தகடூரான் சொன்னதை மனதில் வைத்து, இதற்கு மேல் ஒப்பிடாமல் நிறுத்திக்கொள்கிறேன்.

ஆனால் சிசியானில் இரண்டு இரவு தங்குங்கள் என்று எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். எல்லோரும் யெரெவானில் அறை போட்டு, காலையில் போய் இரவில் திரும்புகிறார்கள். அந்தப் பக்கத்து ததேவ் மடம் யெரெவானிலிருந்து 250 கிலோமீட்டர், மலைப் பாதை. ஒரே நாளில் போய்த் திரும்பினால் மலையைப் பார்க்க முடியாது, வண்டியைத்தான் பார்க்கலாம். நாங்கள் ஒரு வீட்டில் தங்கினோம். காலையில் வீட்டுக்காரர் தேன், பாலாடை, உலர்ந்த ஆப்ரிகாட், வால்நட், காட்டுக்கீரைத் தேநீர் என்று மேசையில் இடமே இல்லாமல் வைத்துவிட்டு, இன்னும் என்ன வேண்டும் என்று நிற்கிறார்.

ததேவ் மடம் 9ஆம் நூற்றாண்டில் கட்டியது, வோரோத்தான் ஆற்றுப் பள்ளத்தாக்கின் விளிம்பில் நிற்கிறது. 2010இல் கட்டிய ரோப்கார் 5.7 கிலோமீட்டர் நீளம், ஒரே வீச்சில் பள்ளத்தாக்கைத் தாண்டுகிறது. பன்னிரண்டு நிமிடம். கீழே ஆறு நூல் மாதிரி தெரியும். ஒரு இடத்தில் கைவிடப்பட்ட பழைய மடம் ஒன்று காட்டுக்குள் கிடக்கிறது. பெட்டிக்குள் இருந்த இருபது பேரும் பேச்சை நிறுத்திவிட்டோம்.

பட்டணத்து அரூரான்

ஒரு தகவல். சென்னைப் பாரிமுனையில் ஆர்மீனியன் தெருவை நம் ஆட்கள் அரண்மனைக்காரத் தெரு என்பார்களே, அது இவர்கள் பெயர்தான். அங்கே 1772இல் மறுபடி கட்டிய ஆர்மீனிய தேவாலயம் இன்றும் இருக்கிறது. சைதாப்பேட்டையில் அடையாற்றுக்கு முதலில் பாலம் கட்டியவர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர், 1726இல். பரங்கிமலைப் படிக்கட்டும் அவர் செலவில் வந்தது. இதையெல்லாம் விடப் பெரியது, உலகத்தின் முதல் ஆர்மீனிய இதழ் 'அஸ்தரார்' 1794இல் சென்னையில்தான் அச்சானது. நடத்திய பாதிரியார் ஹருத்யூன் ஷ்மவோனியன் அந்தத் தேவாலயத்திலேயே அடக்கமாகியிருக்கிறார்.

கல்தேடி

இதை அங்கே நேரிலேயே அனுபவித்தேன். யெரெவானில் மத்தேனதரான் என்ற சுவடிக் காப்பகம் இருக்கிறது. வாசலில் மெஸ்ரோப் மஷ்தோத்ஸ் சிலை. 405இல் ஆர்மீனிய எழுத்தை உருவாக்கியவர், 36 எழுத்து. உள்ளே இருந்த ஒரு பெண் எங்கே இருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். இந்தியா, அதில் மதராஸ் பக்கம் என்றதும் "மதராஸ்! அஸ்தரார்!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். மதராஸ் என்ற பெயரைக் கேட்டதும் ஒருவர் முகம் மலர்கிற நாடு இன்னொன்று இருக்குமா என்று தெரியாது. ஆப்ரிகாட் இரண்டு பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

எழுத்தை அவர்கள் கொண்டாடுவதைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். அரகத்ஸ் மலைச் சரிவில், பின்னால் சேர்ந்த மூன்றோடு 39 எழுத்தையும் ஆள் உயரத்துக்குக் கல்லில் வெட்டி வயலில் நிறுத்தியிருக்கிறார்கள். பிள்ளைகள் தங்கள் பெயரின் முதல் எழுத்தைத் தேடிப் போய்க் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் ஊர் நடுகல்லில் இருக்கிற வட்டெழுத்தைப் படிக்க எங்கள் பள்ளிப் பிள்ளைகளில் ஒருவருக்கும் தெரியாது. இந்த வருடம் நான் பன்னிரண்டு எழுத்தாவது சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருக்கிறேன்.

பென்னாகரத்து மகள்

அண்ணா, அம்மாவை அழைத்துப் போக ஆசை. வயது 63, மூட்டுவலி. அப்பா போனதிலிருந்து எங்கேயும் வரமாட்டேன் என்கிறார். மலை நாடு என்றால் ஏற முடியுமா?

கல்தேடி

தாராளமாகப் போகலாம் அம்மா. மலை ஏறுவது வண்டிதான். கெகார்ட் மடத்துக்கு வாசல் வரை பாதை, பிறகு கொஞ்ச தூரம் சரிவு. பாறையைக் குடைந்து எடுத்த கோயில் அது, 13ஆம் நூற்றாண்டு வேலை. உள்ளே பாறையிலிருந்தே ஊற்று கசிகிறது, எல்லோரும் பிடித்துக் குடிக்கிறார்கள், புட்டியில் எடுத்துப் போகிறார்கள். தீர்த்தமலைக்குப் போய் வந்தவர் என்றால் உங்கள் அம்மாவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கோர் விராப் மடத்தில் படி இருக்கிறது, மெதுவாக ஏறலாம். கிரிகோரி என்ற புனிதரைப் பதிமூன்று வருடம் அடைத்துவைத்ததாகச் சொல்லும் பாதாளக் குழிக்கு இரும்பு ஏணி, அதில் மட்டும் இறங்க வேண்டாம். மேலே நின்றால் அரராத் மலை நேர் எதிரே, 5,100 மீட்டருக்கும் மேல், வெள்ளையாய். அவர்கள் உயிராய் நினைக்கிற மலை, ஆனால் இன்று துருக்கி எல்லைக்குள் இருக்கிறது. எல்லை 1993இலிருந்து மூடியே கிடக்கிறது. தினமும் கண்ணெதிரே பார்த்தும் நேர்வழியில் போக முடியாது.

செவான் ஏரிக்கரை மடமான செவானவாங்கில் படி அதிகம், அங்கே அம்மாவைக் கீழே ஏரிக்கரையில் உட்காரவையுங்கள். மே, ஜூன் அல்லது செப்டம்பரில் போங்கள். கிழக்கு எல்லை ஓரத்துக் கிராமங்களைத் தவிர்த்துவிடுங்கள். கிளம்பும் முன் நம் வெளியுறவுத் துறை அறிவிப்பைப் பாருங்கள்.

மத்தூர் அம்மா

என் மகன் யெரெவானில் மருத்துவம் படிக்கிறான், நாலாவது வருடம். போன தை மாதம் போய் அவனோடு இருபது நாள் இருந்தேன். பனி முழங்கால் வரை. குளிர்காலம் வேண்டாம், வயதானவர்களுக்குத் தாங்காது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவன் தங்கியிருக்கிற வீட்டுக்காரம்மா, எழுபது வயது இருக்கும். இவனுக்குக் காய்ச்சல் வந்தபோது மாட்டுக்கால் சூப், காஷ் என்கிறார்கள், ராத்திரி முழுக்க வேகவைத்துப் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ந்த ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தாராம். நாம் ஆட்டுக்கால் வைத்துக் கொடுக்கிற மாதிரிதான். பேச்சுக்குப் பேச்சு "ட்ஸாவத் தானெம்" என்பார். மகனிடம் அர்த்தம் கேட்டேன். "உன் வலியை நான் வாங்கிக்கொள்கிறேன்" என்றான். பிள்ளை பெற்ற எந்தத் தாயும் மனசுக்குள் சொல்வதுதான், அவர்கள் வாய்விட்டுச் சொல்கிறார்கள். நான் கிளம்புகிற நாளில் அந்த அம்மாவைக் கட்டிக்கொண்டு நான் தமிழில் அழுதேன், அவர் அவர் பாஷையில் அழுதார்.

பர்கூர் பட்டறை

அண்ணா, நீங்கள் அனுப்பிய 1291 கல் படத்தை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டு அரை மணி நேரம் பார்த்தார். "முதலில் ஓட்டை, அப்புறம்தான் இழை. ஒரு கொத்துத் தவறியிருந்தால் மொத்தக் கல்லும் போயிருக்கும்" என்றார். இரண்டு வருடமாய்ப் பெட்டியில் கிடந்த உளியை எடுத்துவரச் சொல்லிச் சாணை பிடிக்கிறார்.

பென்னாகரத்து மகள்

இங்கே எழுதியதை எல்லாம் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மத்தூர் அம்மா எழுதியதை இரண்டு முறை படிக்கச் சொன்னார். பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க நாளைக்கு வருகிறேன் என்றிருக்கிறார். கல்தேடி அண்ணா, சிசியான் வீட்டில் அம்மாவுக்குக் களி கிண்ட அடுப்புத் தருவார்களா? ராகி மாவு இரண்டு கிலோ எடுத்துவருவேன் என்று பிடிவாதமாய் இருக்கிறார்.

கல்தேடி

தருவார்கள். கிண்டி முடித்ததும் வீட்டுக்காரர்களுக்கும் ஒரு உருண்டை கொடுக்கச் சொல்லுங்கள். மத்சூன் அவர்களிடமே இருக்கும்.